புளி போட்டுத் துலக்கிய கண்காட்சி

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிக்க வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ல, ள, ழ மூன்றும் எங்கெங்கே வரும் என்று வாத்தியார் சொன்ன அன்று எனக்குக் காய்ச்சல். தோன்றிய இடத்தில் தோன்றியதைப் போட்டிருக்கிறேன். அச்சடிக்கிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.

எழுதச் சொன்னது சோமு தம்பி. மெட்ராஸில் அவர் பெரிய கண்காட்சி வைக்கிறாராம். வருகிறவர்களுக்கு வாசலில் சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்பார்களாம். 'அண்ணே, பள்ளத்தூர்ல நம்ம மொதக் கண்காட்சி நடந்த கதைய நீங்களே எழுதி அனுப்புங்க' என்று கடிதம் போட்டிருந்தார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, எழுதவும் வராது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அலுப்புதான் காரணம். பன்னிரண்டு வருடமாக இந்தக் கதையை என்னை எதிரில் வைத்துக்கொண்டே எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அது வளர்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், நான் பொம்மைகளுக்கு ஈயம் பூசினேன் என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். பூசவில்லை. (ஈயம் பூசுகிறவர் அன்று ஊரில் இல்லை.)

அப்போது எனக்கு முப்பது வயது. பள்ளத்தூரில் விசாலாட்சி ஆச்சி வீட்டில் வேலை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை ஊரார் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். அண்டா, தவலை, சருவம், குத்துப்போணி, குடம், செம்பு என்று வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயர் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். பெரியது பின்னால், சின்னது முன்னால், ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதை அடக்கி, பளபளவென்று பரப்ப வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். வேறு எதிலும் இல்லை என்பதால் இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆச்சிக்கு ஒரே பையன் சோமு தம்பி. மெட்ராஸில் சிற்பம் படித்தார். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் ஒரு சாக்கு மூட்டை கட்டுவார். நான்தான் அதைத் தலையில் வைத்து பஸ்ஸுக்குக் கொண்டுபோவேன்.

"என்ன தம்பி, இம்புட்டுக் கனம்?"

"பொஸ்தகம்ணே."

மூட்டை நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம் போடும். பெரிய படிப்புப் புத்தகம் அப்படித்தான் சத்தம் போடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது கேள்வி கேட்க எனக்கு எப்போதும் கூச்சம். என் வாழ்க்கையில் நடந்த தப்புகள் பாதிக்கும் மேல் கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வியால் வந்தவை.

படிப்பு முடிந்ததும், தான் செய்த பதினொரு பொம்மைகளைப் பெட்டிகளில் கட்டி லாரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆச்சியின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் முதலாளி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மெட்ராஸில் கண்காட்சிக் கூடம் நடத்துகிற ஒருவரை சோமு தம்பி அழைத்திருந்தார். அவர் வந்து பார்த்து, 'இதை என் கூடத்தில் வைக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால், தம்பி மெட்ராஸ் போகலாம். சொல்லாவிட்டால் மறுநாள் காலையில் மானகிரி அரிசி மில்லில் போய் உட்கார வேண்டும். உறவுக்காரர்கள் எல்லோரும் சாட்சி.

அன்று காலையில் தம்பி அந்த மெட்ராஸ்காரரை அழைத்துவரக் கிளம்பினார். மதுரை வரை காரில் போய் வர வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் என்னிடம், "அண்ணே, பெட்டியப் பிரிச்சு எல்லாத்தையும் வளவுல நல்லாப் பரப்பி வைங்க. நாலு மணிக்கு வந்துருவோம்" என்றார். வளவு என்பது வீட்டின் நடுமுற்றமும் அதைச் சுற்றின தூண்களும்.

பரப்பி வைங்க என்ற வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

பெட்டியைப் பிரித்தேன். வைக்கோலுக்குள்ளிருந்து முதல் பொம்மையை எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடம்பெல்லாம் களிம்பு! பச்சைப் பசேல் என்று, மழைக்காலத்துக் குளத்துப் படிக்கட்டு மாதிரி. அடுத்ததும் அப்படியே. பதினொன்றும் அப்படியே. களிம்பு ஏறிய சாமானைச் சபையில் வைத்தால் அந்த வீட்டுக்கு எப்பேர்ப்பட்ட கேவலம் என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மெட்ராஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர், தம்பிக்கும் வீட்டு வேலை பழக்கமில்லை, பாவம் என்று நினைத்தேன். அவருடைய வாழ்க்கையே நாலு மணியில் தொங்குகிறது. கண்ணுக்கு முன்னால் அவமானப்பட விடலாமா?

பாத்திரம் துலக்கும் முத்தம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது என்ன பொம்மையா, பாசியா?"

"பேசாம ரெண்டு உருண்டை புளி எடுத்தா."

"ரெண்டு பத்தாது. ஒங்க தம்பி பொம்மைக்குச் சட்டை போட்ட மாதிரில்ல களிம்பு வளத்திருக்காரு."

புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை, சோறுகூடச் சாப்பிடாமல் இருவரும் தேய்த்தோம். விரல் இடுக்கில் புளி ஏறி எரிந்தது. அடியில் பித்தளை மஞ்சளும் செம்புச் சிவப்பும் தெரியத் தெரிய எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு பெண் பொம்மையின் வயிற்றைத் தேய்த்தபோது புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. கூட்டிப் படித்தேன். 'ராம. விசா.' ஆச்சியின் பெயர்! அடுத்த பொம்மையின் முதுகிலும் அதுவே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல பிள்ளை, செய்த பொம்மையிலெல்லாம் அம்மா பெயரை வெட்டியிருக்கிறார் என்று முத்தம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் நன்றாகத் தெரியட்டும் என்று அந்த இடங்களில் மட்டும் எலுமிச்சம்பழம் வைத்து இன்னொரு தரம் தேய்த்தேன்.

(இந்த இடத்தில் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். நான் காத்திருக்கிறேன்.)

பிறகு பரப்பினேன். பெரியது பின்னால், சின்னது முன்னால். உள்ளே கூடாக இருந்த மூன்றை, அடங்குகிறதே என்று ஒன்றுக்குள் ஒன்று வைத்தேன். பதினொரு பொம்மை ஒன்பதாகிவிட்டது. முன்னால் கோலம், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. உறவுக்காரர்கள் ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்து, "கருப்பையா பரப்புனா பரப்புனதுதான்" என்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை முக்கால் மணி நேரம் இருந்தது.

நாலு மணிக்கு கார் வந்தது. சோமு தம்பி வளவுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். அவர் முகத்தில் அப்போது இருந்த நிறம்தான் அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே பச்சை.

"அண்ணே... பச்சை எங்கண்ணே?"

"போயிருச்சு தம்பி. காது மடிப்புல மட்டும் லேசா ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரு அஞ்சு நிமிசம் குடுத்தா அதையும் எடுத்துருவேன்."

"அதை வரவைக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சுண்ணே."

எட்டு மாதத்துக் களிம்பை ஐந்து மணி நேரத்தில் எடுத்திருக்கிறோமே என்று ஒரு நொடி மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அடுத்த நொடி அவர் கண்ணைப் பார்த்தேன். அதற்குப் பிறகு மெச்சிக்கொள்ளவில்லை.

மெட்ராஸ்காரர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். மரியாதைக்குக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்று இருந்த மூன்றையும் சுற்றி இரண்டு தரம் நடந்தார். அந்த நேரத்தில் ஆச்சி குத்துவிளக்கு ஏற்ற வந்தார்கள். கூடவே வந்த அவர்களுடைய அக்கா, பெண் பொம்மைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அடி விசாலாட்சி, இங்குட்டு வா. இது வயித்துல ஒம் பேரு இருக்கே!"

ஆச்சி குனிந்தார்கள். விரலால் எழுத்தைத் தடவினார்கள்.

"இது என் தவலையில்ல?"

ஆச்சி நிமிர்ந்து அடுத்ததுக்குப் போனார்கள்.

"இது குத்துப்போணி. எங்க அப்பச்சி கும்பகோணத்துக்குப் போயி நின்னு வாங்கிட்டு வந்தது. அதுக்குக் காலு மொளச்சிருக்கு. இது அண்டா மூடி. அண்டா எங்க? இந்தா, இந்தக் கழுத்து அண்டாவோட வெளிம்பு. ஏன்டா சோமு, மாடு மாதிரி இருக்கே, இது என் சருவந்தான?"

"மாடு இல்ல ஆத்தா. அது மனுசன் படுத்திருக்கது."

"என் சருவத்துல எதுக்கு மனுசன் படுத்திருக்கான்?"

இப்படிப் பதினொன்றையும் ஆச்சி ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்கள். கண்காட்சிகளில் ஒவ்வொரு பொருளும் என்ன என்று விளக்க ஓர் ஆள் வருவார் என்று தம்பி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆச்சி அளவுக்கு யாராலும் விளக்க முடியாது.

"சாமான் அறையிலேர்ந்து இதெல்லாம் வெளிய போனது எப்புடி?" என்று முதலாளி கேட்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். தூண் அவ்வளவு அகலமில்லை.

"நீதானடா மூட்டை தூக்குனவன்?"

"ஆமா மொதலாளி. பொஸ்தகம்னு..."

"பொஸ்தகம் கலகலன்னு சத்தம் போடுமாடா?"

ஜமக்காளத்தில் ஒருவர் தொடங்கி, எல்லோரும் சிரித்தார்கள். நான் பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. கையில் ஏதாவது இருந்தால் தேவலை என்று தோன்றியது. பதற்றத்தில் மெட்ராஸ்காரர் மேல் தெளித்தும் விட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இது உங்கள் தாயாருடைய பொருள். அவர்கள் சம்மதமில்லாமல் நான் எடுத்துக்கொண்டு போக முடியாது. மேல் நிறமும் இல்லை. பிறகு பார்க்கலாம்" என்றார். காபியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

"கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்?" என்றார் முதலாளி. "நாளைக் காலைல மில்லு."

சோமு தம்பி தலையை ஆட்டினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

அப்போது ஆச்சி சொன்னார்கள்: "மில்லுக்கு அனுப்பாதீக."

"ஏன்?"

"மில்லுல இருந்தா இங்கதான திங்க வருவான், இங்கதான படுப்பான். சாமான் அறையும் இங்கதான இருக்கு. இன்னும் நூத்துச் சொச்சம் சாமான் கெடக்கு உள்ள. அதுக்கெல்லாம் காலு மொளைக்கவா? மெட்ராஸ்லயே இருக்கட்டும். மிச்சமாவது தப்பிக்கும்."

மறுபடியும் சிரிப்பு. முதலாளியே சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. ஆச்சி சாமானுக்குப் பயந்து சொன்னார்களா, பிள்ளைக்காகச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுவும் கேட்காத இரண்டாவது கேள்விதான்.

இரண்டு நாள் கழித்து தம்பியை பஸ் ஏற்றிவிடப் போனேன். இந்த முறை மூட்டை இல்லை. "அந்த எழுத்த மட்டும் அரத்தால ராவியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுண்ணே" என்றார். "ராவலாம்னு நாலு தடவ அரத்தக் கையில எடுத்தேன். ஆத்தா பேரு. மனசு வரல." நான் எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்துக் காட்டிய இடம் அந்த எழுத்துதானே.

பதினொரு பொம்மையும் தன் சாமான்தான் என்று ஆச்சி அவற்றைச் சாமான் அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். சாவியை என்னிடம் கொடுத்து, பொங்கலுக்குப் பொங்கல் மற்ற பாத்திரங்களோடு இவற்றையும் துலக்கி வைக்கச் சொன்னார்கள். பானையைத் துலக்குவது சுலபம். கை, கால், காது மடிப்பு உள்ளதைத் துலக்கிப் பார்த்தால்தான் தெரியும். முத்தம்மா மகள் வீட்டோடு போய்விட்டாள். நான் மட்டும்தான் தேய்க்கிறேன். கை வலிக்கிறது.

என் வீட்டிலும் நிம்மதி இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் வீட்டாருக்குக் கதை முன்பே போய்விட்டது. நான் கீரை அலசினாலும் வெண்டைக்காய் கழுவினாலும் என் மனைவி அடுப்படியிலிருந்து, "பாத்துத் தேய்ங்க, பச்சை போயிரப் போகுது" என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னொரு தரம் சொல்வாள்.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பொம்மைகளில் ஆகச் சின்னது ஒன்று, சாண் உயரம், உட்கார்ந்திருக்கிற பெண். செம்பு ஒன்றை வெட்டிச் செய்தது. நாலு பொங்கலாக அதை மட்டும் நான் துலக்கவில்லை. பெரிய அண்டாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, துலக்கியாயிற்று என்று சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று வருடம் அது வெறுமனே கறுத்தது. இந்தப் பொங்கலுக்குப் பார்த்தபோது கழுத்தில் கடுகு அளவு பச்சை இருந்தது. தம்பி, இதைப் படித்ததும் சத்தம் போடாமல் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். ஆச்சிக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது. புளியும் வீட்டில் நிறைய இருக்கிறது.

பள்ளத்தூர்,
1977, ஆவணி 9.