குணசேகர் சிகரெட்டை விட்ட கதை

"ஏங்க, உள்ள போய் எவ்ளோ நேரமாச்சு. வெளிய வர்ற ஐடியா இருக்கா இல்லையா?"

பாத்ரூம் கதவைத் தட்டியவள் தமயந்தி. உள்ளே இருந்தவர் அவள் கணவர் குணசேகர். ஆஸ்டின் டவுனில் டிரைவிங் ஸ்கூல் வைத்து, பாதி பெங்களூருக்குக் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர். இப்போது அவருக்கே வண்டி நகரவில்லை.

"வர்றதா இருந்தா வந்திருக்க மாட்டேனா?" என்றார் தீனமாக.

"எனக்கும் அவசரங்க."

"உனக்கு இன்னா அவசரம்? நேத்து நீ உள்ள போய் பேப்பர்ல வரி விளம்பரம்கூட விடாம படிச்சிட்டுத்தானே வந்தே?"

பதிலுக்குக் கதவில் ஓங்கி ஒரு குத்து விழுந்தது.

காலையில் காபி, காபியோடு ஒரு சிகரெட், அது முடிவதற்குள் பாத்ரூம் என்று முப்பது வருஷமாகப் பழகிய குடல் குணசேகருடையது. நடுவில் இருந்த சிகரெட்டை எடுத்ததும் மற்ற இரண்டுக்கும் இருந்த சம்பந்தம் அறுந்துவிட்டது. காபி உள்ளே போனது போனதுதான்.

சிகரெட்டை விடச் சொன்னவள் மகள் யாமினி. கல்யாணமாகி வொயிட்ஃபீல்டில் இருக்கிறாள். ஆறாவது மாதம் நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அப்பா, அம்மா, ரெண்டு பேர்கிட்டயும்தான் சொல்றேன். வளைகாப்பு முடிஞ்சு பிரசவத்துக்கு இங்க வரணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா இந்த வீட்ல திரைச்சீலை, தலைகாணி எல்லாத்துலயும் சிகரெட் வாசனை. வளைகாப்பு அன்னிக்கு மோந்து பாப்பேன். இதே வாசனை வந்தா நான் மாமியார் வீட்லயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டு அப்பாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே இருந்த பிள்ளை எட்டி உதைத்தது. குணசேகருக்கு ஆயுளில் இப்படி ஒரு உதை விழுந்ததில்லை. அப்போதே சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டை எடுத்துக் கசக்கிக் குப்பையில் போட்டார். தமயந்தி எழுந்து சமையலறைக்குப் பின்னால் இருக்கும் யுடிலிட்டிக்குப் போய், துணி உலர்த்தும் கொடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். அவளுக்கு ரொம்ப வருஷமாக டஸ்ட் அலர்ஜி. பெங்களூரில் யாருக்குத்தான் இல்லை.

குணசேகர் இதற்கு முன்பும் சிகரெட்டை விட்டிருக்கிறார். புத்தாண்டுக்கு விட்டது பொங்கலுக்குள் திரும்பிவிடும். அதனால் தெருவில் யாரும் நம்பவில்லை. அவரிடம் ஒரு கௌரவம் மட்டும் உண்டு. சிகரெட் வாங்க மனைவியையோ மகளையோ அவர் ஒருநாளும் கடைக்கு அனுப்பியதில்லை. மழையானாலும் தானே முனையில் இருக்கும் சந்திரம்மா பெட்டிக்கடைக்கு நடந்து போய் வாங்கிக்கொள்வார்.

அன்று பாத்ரூமிலிருந்து தோற்றுப்போய் வெளியே வந்தவர், ஸ்கூலுக்குப் போனதும் சின்னப்பாவிடம் முறையிட்டார். சின்னப்பா அங்கே இன்னொரு டிரைவிங் வாத்தியார். கோலார் தங்கவயல்காரர். கேட்காமலே வைத்தியம் சொல்கிறவர், கேட்டால் விடுவாரா.

"சிவாஜிநகர் நாட்டு மருந்துக் கடையில நிலாவரைப் பொடி வாங்கு குணா. ராத்திரி வெந்நீர்ல ஒரு ஸ்பூன். காலையில ராஜா மாதிரி இருப்பே."

குணசேகர் ஒரு ஸ்பூன் போட்டார். காலையில் ஒன்றும் நடக்கவில்லை. பொடி பழசாயிருக்கும் என்று இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

பொடி புதிசுதான் என்பது விவேக்நகர் தாண்டியதும் தெரிந்தது. ஸ்டியரிங்கில் அம்ருதா இருந்தாள். ஐ.டி. கம்பெனிப் பெண். செகண்ட் கியருக்கு மேல் போனதே இல்லை.

"அம்ருதா, லெஃப்ட்ல எடு. அந்த பெட்ரோல் பங்குக்குள்ள விடு. சீக்கிரம்மா."

"இருங்க சார், இண்டிகேட்டர் போட்டுக்கறேன். கண்ணாடி பாக்கணும், பிளைண்ட் ஸ்பாட் பாக்கணும்..."

"அதெல்லாம் கடவுள் பாத்துப்பாரு. நீ திருப்பு."

இண்டிகேட்டர் போடாமல் திருப்புகிறவன் மனுஷனே இல்லை என்று இத்தனை வருஷம் பாடம் நடத்தியவர், வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சந்நியாசிக்களை இருந்தது.

வயிறு காலியானால் பசிக்கும். சிகரெட்டை விட்டவனுக்கு ஏற்கெனவே அகோரப் பசி. இரண்டும் சேர்ந்ததில் குணசேகர் கண்ணில் பட்டதையெல்லாம் தின்ன ஆரம்பித்தார். சின்னப்பா வறுத்த கடலைக்காயைச் சிபாரிசு செய்தார். வாய்க்கும் வேலை, கைக்கும் வேலை என்பது அவர் வாதம். கடலைக்காய்த் தோல் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, சிகரெட்டை விட்ட நாளிலிருந்து பிடித்திருந்த இருமலைப் பத்து மடங்காக்கியது.

"சிகரெட் பிடிக்கும்போது இவ்ளோ இருமினதே இல்லையே டாக்டர்" என்று போய் நின்றார்.

"நுரையீரல் இப்பத்தான் பெருக்கித் துடைக்க ஆரம்பிச்சிருக்கு. நல்ல அறிகுறி" என்றார் டாக்டர். எழுதிக்கொடுத்த இருமல் மருந்தை மத்தியானம் குடித்தால் தூக்கம் வரும் என்று சொன்னது குணசேகர் காதில் விழவில்லை, அப்போது இருமிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் மருந்தைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறியவர், ஆஸ்டின் டவுனில் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். திறந்தபோது இரண்டு பக்கமும் லாரிகள். எல் போர்டு வண்டி ஹொசூர் ரோட்டில் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அம்ருதா, எங்கம்மா போறோம்?"

"தெரியல சார். லெஃப்ட்டுன்னா நீங்க சொல்வீங்க, ரைட்டுன்னாலும் சொல்வீங்க. ஒண்ணுமே சொல்லலையா, நேரா வந்துட்டேன்" என்றவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "சார், நான் இப்ப ஃபோர்த் கியர்ல இருக்கேன்."

தூக்கத்தையும் சிகரெட் நினைப்பையும் சேர்த்துத் தடுக்க சின்னப்பா கண்டுபிடித்தது கிராம்பு. சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் ஒன்று வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். சிகரெட் நினைப்பு எப்போது வராமல் இருந்தது? இரண்டே நாளில் நாக்கு வெந்து, உதட்டின் உள்பக்கம் புண்ணாகி, பேச்சே வரவில்லை. யாரையும் திட்ட முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். குணசேகர் சார் ரொம்பத் தங்கமான மனிதராக மாறிவிட்டார் என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. கிராம்பு டப்பா நிரப்பி வைத்தால் சாயங்காலம் பாதிதான் இருந்தது. நிலாவரைப் பொடி கரைந்தது. இருமல் மருந்து பாட்டிலில் மட்டம் தானாக இறங்கியது. ஞாபகமில்லாமல் தானே எடுத்துக்கொள்கிறோம் போல என்று குணசேகர் பயந்தார். சிகரெட்டை விட்டால் மூளையும் கொஞ்சம் பிசகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தமயந்தியும் பழைய தமயந்தியாக இல்லை. எல்.கே.ஜி. குழந்தைகளை மேய்க்கும் டீச்சர், எறும்புக்குக்கூட வலிக்காமல் பேசுகிறவள், இப்போது தொட்டதற்கெல்லாம் சீறினாள். ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொல்ல, அவள் உப்பு ஜாடியைத் தட்டில் கவிழ்த்தாள்.

"நான் எரிஞ்சு விழுந்தா காரணம் இருக்கு" என்றார் குணசேகர். "தலை பாரமா இருக்கு, விரல் நுனியெல்லாம் ஊசி குத்துது, உக்காந்தா எழுந்துக்கத் தோணுது. உனக்கு இன்னா கேடு?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"ஏன்?"

தமயந்தி உப்பு ஜாடியை நிமிர்த்தி வைத்தாள். "டஸ்ட்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கிண்டல் செய்கிறோமே தவிர, சும்மா சொல்லக்கூடாது, குணசேகர் நிஜமாகவே தாக்குப்பிடித்தார். டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவன் புகையை மூஞ்சியில் விட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மலை ஏறுவதும் ஆற்றை நீந்துவதும் நாலு பேர் பார்க்கிற வீரம். ஒரு மனிதன் தன் வாயோடும் வயிற்றோடும் தினம் மல்லுக்கட்டுவதை யார் பார்க்கிறார்கள்? அதை மதிக்கத்தான் வேண்டும்.

அந்த வீரத்துக்குப் பெரிய சோதனை வளைகாப்புக்கு முதல் நாள் வந்தது.

திரைச்சீலைகளையெல்லாம் துவைத்து யுடிலிட்டியில் உலர்த்திக்கொண்டிருந்தார். கிளிப் கூடைக்குள் கையை விட்டார். கிளிப்புகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி, ஒரு சிகரெட் இருந்தது. அவருடைய பிராண்டுதான்.

எப்போதோ தானே ஒளித்து வைத்து மறந்திருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனார். முப்பது வருஷச் சினேகிதம் அப்படியே உள்ளே இறங்கியது. சமையலறைத் தீப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு இழுப்பு, யாருக்குத் தெரியப்போகிறது? திரைச்சீலை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, வாசனை பிடிக்காது.

அப்போது உள்ளங்கையில் அந்த உதை ஞாபகம் வந்தது.

குழாயைத் திறந்து, சிகரெட்டைத் தண்ணீரில் காட்டி, தூள் தூளாகக் கசக்கி விட்டார். பிறகு வெற்றி வீரராகக் கூப்பிட்டார்.

"தமயந்தி, இங்க வா. கிளிப் கூடையில ஒரு சிகரெட் இருந்தது. எப்பவோ நான் ஒளிச்சு வெச்சது போல."

ஓடி வந்த தமயந்தி வாசலிலேயே நின்றாள். "பிடிச்சிட்டீங்களா?"

"பிடிப்பேனா? தண்ணியில கசக்கிக் கரைச்சு விட்டுட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

தமயந்தி கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள். சாக்கடை ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த புகையிலைத் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டது.

"நல்லதாப் போச்சு" என்றாள் கடைசியில். "இருந்தா மனசு அது மேலயேதான் இருக்கும். இனிமே நிம்மதி."

கணவன் ஜெயித்ததற்கு இப்படி அழுகிற மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தபடி குணசேகர் அடுத்த திரைச்சீலையைக் கொடியில் போட்டார்.

வளைகாப்பு அன்று யாமினி சொன்னபடியே செய்தாள். மனையில் உட்காருவதற்கு முன் திரைச்சீலையை மோந்தாள். தலைகாணியை மோந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவின் சட்டைக் காலரில் மூக்கை வைத்தாள்.

"வீடு முழுக்கக் கிராம்பு வாசனைதான் வருது" என்றாள். "அப்பா, நான் இங்கயே இருந்துக்கறேன்."

இரண்டு கை நிறைய வளையலோடு மகள் அதைச் சொன்னபோது குணசேகர் வெளிப்படையாகவே அழுதுவிட்டார். அதற்காகத்தானே இத்தனையும். சின்னப்பா தயாராகக் கொண்டு வந்திருந்த சால்வையைப் போர்த்தினார். யாமினியின் கணவன் ரகு, மாமனாரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னான்.

"சிகரெட்டை விடறது லேசுப்பட்ட காரியம் இல்ல" என்று ஆரம்பித்தார் குணசேகர். "வயிறு கட்டிக்கும்." தமயந்தி தலையாட்டினாள். "வாய் வெந்து போகும். தலை கனக்கும்." அதற்கும் ஆட்டினாள். "பெத்த பிள்ளைகிட்டகூட எரிஞ்சு விழத் தோணும். அனுபவிச்சவங்களுக்குத்தான் அது தெரியும்."

"ஆமாம்" என்றாள் தமயந்தி வாய்விட்டு. எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விட அதிக நேரம் தட்டியது அவள்தான்.

தாம்பூலத்துக்கு வெற்றிலை பற்றாமல் போகவே, குணசேகர் சால்வையைக் கழற்றாமலே சந்திரம்மா கடைக்குப் போனார்.

"இன்னாண்ணா, சால்வையெல்லாம்?" என்றாள் சந்திரம்மா.

"சிகரெட்டை விட்டதுக்கு மரியாதை. வீடே எழுந்து நின்னு கை தட்டிச்சு. வெத்தல ஒரு கட்டு குடு. அப்படியே கொஞ்சம் கிராம்பு."

"கிராம்பு காலையிலதான் அக்கா வாங்கிட்டுப் போனாங்களே."

"எனக்காக வாங்கிருப்பா. நான் விட்டதுல என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்."

சந்திரம்மா வெற்றிலையில் தண்ணீர் தெளித்துக் காகிதத்தில் சுற்றினாள். சால்வையை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாம் சரிண்ணா. உங்களுக்குன்னு சொல்லித் தினமும் ரெண்டு சிகரெட் வாங்கிட்டுப் போய்ட்டிருந்த அக்காவும் நீங்க விட்ட அன்னிக்கேதான் விட்டாங்க, அவங்களுக்கு யாரு கை தட்டினது?"