பார்க்காதபோது எடுத்த படங்கள்

ரூபனின் மீசை போனது முத்தம்மாவுக்காக என்றுதான் நினைக்கிறேன். வீரம்மாவுக்காக என்று தினேஸ்வரி சொல்கிறாள். அவள் அவனுடைய மனைவி. நான் பக்கத்து வீட்டுக்காரன். என் நினைவைவிட அவளுடையதை நம்புவதே நியாயம். ஆனால் வீரம்மா வீட்டில் மாலை நழுவியபோது அவன் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடிக்க மீசை இருந்திருக்க வேண்டும்.

எல்லாம் சன்னாசியின் படத்தில் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈப்போவில், குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்பு மலையில் வெயில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நாளிதழை விரித்த ரூபன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது என் படம்."

தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். மரண அறிவிப்புப் பக்கம்.

"இது சன்னாசி தாத்தா. நீங்க இல்ல."

"நான் எடுத்த படம்ங்கறேன். என் வெப்சைட்டுலேருந்து திருடிட்டாங்க."

"தாத்தா செத்துட்டாருங்க. மொதல்ல அதுக்கு வருத்தப்படுங்க."

வருத்தப்பட்டான். உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு மறுபடியும் கோபப்பட்டான்.

ரூபனுக்கு ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. சங்கிலியில் கோத்த பீங்கான் கை அச்சுகள் அவன் முன்னால் வரிசையாகப் போகும். ஒரு கையுறைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அதில் எவனுடைய பெயரும் இருக்காது. அதனால்தானோ என்னவோ, தன் பெயரில் ஒரு வெப்சைட் வைத்திருந்தான். காம்பாருக்குப் பக்கத்தில் அவன் பிறந்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு வீடுகளாகிவிட்டது. கோயில் மட்டும் இருந்தது. ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கெங்கோ சிதறிப்போனவர்கள் வருவார்கள். அவர்களை அவன் படம் எடுப்பான். சன்னாசி, வீரம்மா, முத்தம்மா எல்லாரும் அந்தத் தோட்டத்து ஆட்கள்தான்.

யாரையும் நிற்க வைத்து எடுக்க மாட்டான். அதுதான் அவனுடைய கொள்கை.

"சிரிங்கன்னு சொன்னா மூஞ்சி செத்துரும்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். "அவங்களுக்குத் தெரியவே கூடாது."

கோயிலுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய். மாலை வெளிச்சம் மலையில் பட்டு அங்கே வந்து விழும். எதிரே ஆண்டுதோறும் ஒரு பழைய லாரி நிற்கும். அவன் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். யாராவது கை கழுவ வருவார்கள், நிமிர்ந்து மலையைப் பார்ப்பார்கள். எடுத்துவிடுவான். வெப்சைட்டின் தலைப்பே 'அவர்கள் பார்க்காதபோது எடுத்தவை' என்பதுதான். உலகத்தில் தன் கண் மட்டும் பார்த்தது என்று அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

ஒரே தொந்தரவு காளியம்மா. எந்தப் படத்தை எடுத்தாலும் அதன் ஓரத்தில் அந்த அம்மாள் கையை ஆட்டிக்கொண்டு நிற்பார். பாதிப் படங்களில் அவரை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு முறை அவர் தனியாக அகப்பட்டார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி மலையைப் பார்க்கிற படம். அதைத்தான் ரூபன் முதல் பக்கத்தில் வைத்திருந்தான்.

சன்னாசியின் துக்க வீட்டிலும் அதே படம்தான். அதற்குச் சட்டம் போட்டவர் ஈப்போ டவுனில் ஃபிரேம் கடை வைத்திருக்கும் சீனி. ரூபன் நேராக அங்கே போனான். நானும் போனேன்.

"அண்ணே, சன்னாசி தாத்தா படத்த யாரு குடுத்தா?"

"கஸ்டமரு."

"எந்தக் கஸ்டமரு?"

சீனி விரலால் மேலே காட்டினார். மேல் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார்.

"டாக்டருக்கு எதுக்குண்ணே தாத்தா படம்?"

சீனி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல படம் லா தம்பி. கண்ணுல உசுரு இருக்கு. செத்தவங்க படத்துக்கு அதான் வேணும்."

பாராட்டு அவனை இன்னும் குழப்பியது. வீட்டுக்கு வந்ததும் வெப்சைட்டுக்குப் பூட்டுப் போட்டான். இனி யாரும் படத்தைச் சேமிக்க முடியாது. சேமிக்க முயன்றால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைப் பெட்டி வந்து நிற்கும். அதில் சிவப்பு எழுத்தில்: 'திருடாதே. இது பிறர் சொத்து.'

அடுத்து இறந்தவர் வீரம்மா.

ஜெலாப்பாங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூட்டம். நாற்காலிகளுக்கு நடுவே வீரம்மாவின் பெரிய படம். சேமிக்க முடியாததால் சீனி கம்ப்யூட்டர் திரையையே போனில் படம் பிடித்துவிட்டார் போலிருக்கிறது. வீரம்மாவின் மூக்கின் மேல் மவுஸின் அம்புக்குறி. நெஞ்சின் குறுக்கே வெள்ளைப் பெட்டி.

"என்னண்ணே இது?" என்று வீரம்மாவின் மகன் கேட்டிருக்கிறான்.

"நேரமில்ல லா. மாலை போட்டா மறைஞ்சிரும்," என்று சீனி சொல்லியிருக்கிறார்.

மறைந்துதான் இருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது மாலை மெல்ல ஒரு பக்கமாக நழுவியது. 'இது பிறர் சொத்து' பூவுக்குள் இருந்தது. 'திருடாதே' மட்டும் வெளியே வந்தது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அம்மாள் பாதியில் நிறுத்திப் படத்தைப் பார்த்தாள்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவியின் குரல் மெதுவாக வந்தது. "எம் பித்தளக் குடம் காணாமப் போனப்பவே நான் கேட்டேன்."

"ஆயா, செத்த வீட்டுல என்ன பேசுறீங்க?"

"நானா எழுதி வெச்சேன்? படத்துலயே போட்டிருக்கு."

குடத்தைப் பற்றிய வழக்கு தோட்டத்து லய வீடுகளில் இருந்த காலத்திலிருந்து தொடங்கி சவப்பெட்டி கிளம்பும்வரை நடந்தது. ரூபன் மூலையில் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றான். காரில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. சில மௌனங்களில் சிரித்துவிடாமல் இருப்பதே பெரிய வேலை.

"அந்தப் பொட்டிய எடுத்துருங்க," என்றாள் தினேஸ்வரி. "உங்க பேர மட்டும் போடுங்க. பேரு யாரையும் குத்தம் சொல்லாது."

நியாயமாகத்தான் பட்டது. பூட்டை எடுத்தான். ஒவ்வொரு படத்திலும் தோளிலிருந்து தோள்வரை, வெட்டி எடுக்க முடியாதபடி, 'ரூபன்' என்று எழுதினான்.

முத்தம்மா அதற்கடுத்த மாதம் போனார். மகள்கள் இருவர், மகன் இல்லை. காரியம் செய்யத் தங்கை மகன் ஷர்வின் என்று பேசி வைத்திருந்தார்கள். ஐயர் வெளியூர்க்காரர், குடும்பத்தைத் தெரியாதவர். கண்ணாடியை ஏற்றிப் படத்தைப் பார்த்தார்.

"ரூபன் யாருங்க? மகனா? முன்னால வாங்க."

அஞ்சலி செலுத்த வந்திருந்த ரூபன் தன் பெயர் கேட்டதும் பழக்கத்தில் ஓரடி முன்னால் வைத்துவிட்டான்.

"இல்லங்க, நான் வந்து..."

ஷர்வின் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். காதுக்கருகில் சொன்னான். "அண்ணே, நீங்களே செஞ்சிருங்கண்ணே. எனக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மொட்ட மண்டையோட போயி நின்னா பொண்ணு வீட்டுல என்ன நெனப்பாங்க?"

"டேய், எனக்கு என்னடா ஒறவு?"

"படத்துல உங்க பேருதானேண்ணே இருக்கு."

ரூபன் மறுத்திருக்கலாம். முத்தம்மாவின் மூத்த மகள் வந்து அவன் கையைப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். நாவிதர் ஏற்கெனவே கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கதவைத் திறந்த தினேஸ்வரி மொட்டைத் தலையையும் மீசையில்லாத உதட்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு செத்தா?"

"முத்தம்மா."

"நமக்கு என்ன வேணும்?"

"மகன்," என்றான் ரூபன். பிறகு யோசித்து, "நான்," என்றான்.

தொழிற்சாலையில் தனேஷ் என்ற பையன் அவன் கையைப் பற்றிக்கொண்டான். "அண்ணே, அம்மா தவறிட்டாங்களா? சொல்லவே இல்ல."

"எங்கம்மா போயி ரொம்ப வருஷம்டா."

"அப்ப இது?"

"இது வேற அம்மா."

தனேஷ் யோசித்தான். "அம்மா செத்ததுக்கு ஒரு தடவதான் சூத்தி, லீவு குடுப்பாங்கண்ணே. ஏற்கெனவே எடுத்துட்டீங்கன்னா ஆபீசுல பிரச்சன வரும்."

அன்றைக்கே ரூபன் முகங்கள் எல்லாவற்றையும் வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டான். ஆடு, மேளம், மலை, தண்ணீர்க் குழாய் மட்டும் மிஞ்சின. இனித் திருட ஒன்றும் இல்லை. அவன் நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தேன். ஆனால் வேலியோரம் நின்று பேசுகிற வழக்கத்தையும் விட்டுவிட்டான். ஆளில்லாத அந்தக் குழாயின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காளியம்மா வந்தார். காம்பாரிலிருந்து பஸ் ஏறி, நிலையத்திலிருந்து வழி கேட்டு, கையில் ஒரு வடைப் பொட்டலத்தோடு. தினேஸ்வரி மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் செடிக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியாமே. எம் படம் எங்க?"

"எடுத்துட்டேன் பெரியம்மா. திருடுறாங்க."

"யாரு திருடுறா?"

"செத்த வீட்டுக்காரங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? சன்னாசியேதான் உசுரோட இருக்கறப்ப சீனி கடைக்குப் போயி, நான் செத்தா இதுதான் எம் படம்னு போன்ல காட்டிட்டு வந்தான். வீரம்மா, முத்தம்மா எல்லாரும் அப்படித்தான். அடையாளக் கார்டு ஐசில இருக்கற மூஞ்சிக்கு மாலை போட்டா எமனே போலீசுக்குப் போன் அடிப்பான்."

சீனி ஏன் மேலே காட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்களுக்கு இப்ப என்ன பெரியம்மா? நல்லாத்தானே இருக்கீங்க."

"நல்லா இருக்கறப்பதானே சொல்லி வெக்க முடியும்." வடையைப் பிட்டு அவனிடம் ஒரு பாதியை நீட்டினார். "எனக்கு உம் பேரு போட்டதுதான் வேணும்."

"பேர எடுத்துட்டுத் தாரேன் பெரியம்மா. அதனாலதான் இவ்வளவு குழப்பம்."

"எடுத்துராத." காளியம்மா மீதி வடையைப் பொட்டலத்தில் வைத்து மடித்தார். அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "முத்தம்மாவுக்கு ஒரு புள்ள கெடச்சான்ல."

ரூபனின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. அங்கே இப்போதுதான் முள்ளு முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. எழுந்து உள்ளே போய் மடிக்கணினியை எடுத்து வந்தான். முதல் பக்கத்தில் அந்தப் படத்தை மறுபடி ஏற்றினான்.

"பேரு சின்னதா போடவா பெரியம்மா? மூஞ்சி நல்லாத் தெரியும்."

"பெருசாவே போடு. ஐயருக்குக் கண்ணு மங்கல்."

போட்டான். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தினேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரூபன் மடிக்கணினியைக் காளியம்மா பக்கம் திருப்பினான்.

"ஒண்ணு சொல்லவா பெரியம்மா. நான் எடுத்ததுலயே இதுதான் நல்ல படம். ஏன் தெரியுமா? நான் லாரிக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன். நீங்க என்னப் பாக்கவே இல்ல."

காளியம்மா மைலோவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். குவளையைக் கீழே வைத்தார்.

"நீ ஒளியணும்னுதான்பா வருஷா வருஷம் அந்த லாரியக் கொண்டாந்து அங்க நிறுத்தச் சொல்றோம், ஒவ்வொருத்தரா வரிசையில அனுப்பிச்சு, நீ எடுக்கற வரைக்கும் மலையப் பாத்துக்கிட்டு நின்னு நின்னு எனக்கு முட்டியே போச்சு."

என் கையிலிருந்த குழாயை நான் அப்போதுதான் மூடினேன்.

ஷர்வினின் நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது. இப்போது கல்யாணமும் முடிந்துவிட்டது. வீரம்மாவுக்குச் சீனி வேறு படம் போட்டுக் கொடுத்தார். பித்தளைக் குடம் இன்னும் கிடைக்கவில்லை. வெப்சைட்டில் எல்லா முகங்களும் திரும்ப வந்துவிட்டன. பூட்டு இல்லை, பெயர் இருக்கிறது. தலைப்பை ரூபன் மாற்றவில்லை. திருவிழாவில் லாரி அதே இடத்தில்தான் நின்றது. அவனும் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஆனால் இந்த முறை யாரையும் நெடுநேரம் நிற்க வைக்கவில்லை. காளியம்மா நலமாக இருக்கிறார். ரூபனுக்கு மீசை வளர்ந்துவிட்டது. என்றாவது மறுபடி மழிக்க வேண்டியதுதானே என்று அதை முன்போல அடர்த்தியாக விடுவதில்லை.