ஏழு வீட்டுப் பூவும் ஒரு ஸ்வீடிஷ் கனவும்

முடிவெடுக்கத் தெரியாதவர்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள். சிலர் பல்லி சொல்வதை நம்புவார்கள், சிலர் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். நான் 2006-ஆம் வருடம் ஸ்வீடனை நம்பினேன்.

அப்போது எனக்கு டெக்ஸாஸில், ஃபிரிஸ்கோவில் வேலை. அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார்கள். ஊர் சுற்ற அல்ல, எனக்கு மாப்பிள்ளை பார்க்க. அதுவரை வந்த வரன்களையெல்லாம் "யோசிச்சு சொல்றேன்" என்று இழுத்தடித்தே விரட்டியிருந்தேன். (யோசிக்கவெல்லாம் இல்லை. பயம்.) இப்போது சான் ஹோசேயிலிருந்து கார்த்திக் என்று ஒருவர், தன் அம்மாவுடன் சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவில் முதலில் மூக்குதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் நல்ல முகம்.

"இந்தத் தடவ எஸ்ஸா நோவான்னு பட்டுனு சொல்லிடு. இழுத்தடிச்சேன்னா நாங்க டிக்கெட்ட ப்ரீபோன் பண்ணிட்டுக் கிளம்பிடுவோம்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஆபீஸில் பக்கத்து க்யூபிக்கிளில் காரின் என்ற ஸ்வீடன்காரி. கணவனிடம் போனில் பேசும்போது "எல்ஸ்க்லிங்" என்பாள், அன்பே என்று அர்த்தமாம். ரொம்பக் கொஞ்சல் வந்தால் "ஸோத்நூஸ்" என்பாள். அதற்கு அர்த்தம் இனிப்பு மூக்கு. எங்கள் வீட்டில் அப்பா அம்மாவைக் கொஞ்சுவதன் உச்சம் "ஏய், இங்க பாரு". அதனால் காதல் விஷயத்தில் ஸ்வீடன்காரர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எனக்கு ஒரு மரியாதை.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு மிட்சம்மர் பண்டிகை. அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்கள் ஏழு இடங்களில் ஏழு விதப் பூப்பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால், கட்டிக்கொள்ளப் போகிறவன் கனவில் வருவானாம். ஒரே நிபந்தனை, முதல் பூவைப் பறித்ததிலிருந்து தூங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. காரின் இதை ஸ்ட்ராபெரி கேக் சாப்பிட்டபடி சும்மா சொன்னாள். நான்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கார்த்திக் கனவில் வந்தால் எஸ். வராவிட்டால் நோ. பிரச்சினை தீர்ந்தது!

அங்கே புல்வெளியில் பறிப்பார்களாம். ஃபிரிஸ்கோவில் இருந்த வெளியெல்லாம் புது வீடாகிவிட்டது. அதனாலென்ன, வீட்டு வாசல்களில் பூ இருக்கிறதே? திருச்சியில் எங்கள் தெருவில் பூஜைக்கென்றால் யார் காம்பவுண்டுக்குள்ளும் யாரும் கை விடலாம். அமெரிக்காவில் அதற்குத் திருட்டு என்று பெயர் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் பிளாஸ்டிக் பையோடு கிளம்பினேன். ஒரு வீட்டில் ரோஜா, ஒரு வீட்டில் உன்னிப்பூ, இப்படி ஆறு தேறின. ரோஜா வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கி "ஹாய்!" என்று கையசைத்தார். அவருடைய ரோஜாவைப் பிடித்திருந்த கையாலேயே நானும் அசைத்தேன்.

ஏழாவதாக, மூலை வீட்டில், தொட்டியில் ஒரு செம்பருத்தி. கிள்ளப் போன நேரத்தில் பின்னாலிருந்து குரல்.

"யாரும்மா அது?"

புடவை, அதற்குக் கீழே ஸ்னீக்கர்ஸ், கையில் தண்ணீர் விடும் ஹோஸ். ஒரு தமிழ் ஆன்ட்டி.

"கேட்டுட்டுப் பறிக்கலாமில்ல? தமிழ்ப் பொண்ணா நீ?"

தலையாட்டினேன்.

"பேரு என்ன?"

வாயைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று கையை ஆட்டினேன். ஆன்ட்டியின் முகம் அப்படியே மாறிவிட்டது.

"அடடா… பேச்சு வராதாம்மா? பொறந்ததுலேர்ந்தேவா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் விளக்க வேண்டும். ஆமாம், இல்லை இரண்டுக்கும் பொதுவாக நம்மூரில் ஒரு தலையாட்டல் உண்டே, அதைச் செய்தேன். ஆன்ட்டி அந்தச் செம்பருத்தியைத் தன் கையாலேயே பறித்துப் பையில் போட்டு, என் கன்னத்தைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. 'ஐயோ ஆன்ட்டி, எனக்கு வாய் காது வரைக்கும் நீளும்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆறு வீட்டுப் பூ வீணாகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

தூங்கினேன். கனவும் வந்தது. கார்த்திக் வரவில்லை. அந்த ஆன்ட்டிதான் வந்து, ஹோஸைப் பிடித்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆக, நோ. மறுநாள் நிம்மதியாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். பெல் அடித்ததும் நானே போய்க் கதவைத் திறந்தேன். கார்த்திக். அவருக்குப் பக்கத்தில் அதே ஆன்ட்டி! (மூலை வீடு ஆன்ட்டியின் தம்பி வீடாம், முந்தின நாளே வந்து தங்கியிருக்கிறார்கள். என் போட்டோவைக் கார்த்திக் மட்டும்தான் பார்த்திருந்தாராம்.)

"வாங்க ஆன்ட்டி" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது.

ஆன்ட்டி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "பேசறியே!"

"பேசாம?" என்றார் அப்பா பெருமையாக. "நிறுத்தறதுதான் கஷ்டம்."

"அப்ப நேத்து ஊமை மாதிரி நடிச்சியா? ராத்திரி எனக்குச் சோறே எறங்கல. கார்த்தி, வா போலாம்."

அவர் திரும்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது, இவர்கள் போய்விடக் கூடாது என்று. உள்ளே ஓடி, நசுங்கிப்போன பூவையெல்லாம் அள்ளி வந்து, காரின், ஸ்வீடன், தலையணை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கார்த்திக் கேட்டார்: "கனவுல நான் வந்தேனா?"

"இல்ல. உங்கம்மா வந்தாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் மூக்கு சிவந்துவிட்டது. "ஸோத்நூஸ்" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வந்துவிட்டது. அர்த்தம் கேட்டார். இரண்டு அம்மாக்களையும் வைத்துக்கொண்டு அதையும் சொன்னேன். அவர் மெல்லத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே "எனக்குச் சம்மதம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பட்டென்று எடுத்த முதல் முடிவு அது.

"உனக்குச் சம்மதம் இருக்கட்டும்" என்றார் ஆன்ட்டி, சோபாவில் உட்கார்ந்தபடி. "இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வந்தா வெள்ளியில நாக்கு செஞ்சு போடறேன்னு திருச்செந்தூர் முருகனுக்கு நேத்தே வேண்டிக்கிட்டேனே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

கல்யாணம் முடிந்ததும் குடும்பமாகத் திருச்செந்தூர் போய், எனக்காக ஒரு வெள்ளி நாக்கை உண்டியலில் போட்டோம். இன்றைக்கும் நான் போனை எடுத்துப் பேச ஆரம்பித்து அரைமணி தாண்டிவிட்டால், மாமியார் கார்த்திக்கைக் கூப்பிட்டுச் சொல்வார்:

"அந்த நாக்கத் திருப்பிக் குடுப்பாங்களான்னு கோவில் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருடா."