கறையைக் காணோம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என்னைத் தவிர. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தால் உடனே கிளம்பி வரவும்.

நீங்கள் வாங்கிக்கொடுத்த வேலையை உதறிவிட்டு உங்கள் மருமகள், அதாவது என் மகள், போன வாரம் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். லீவு என்று நினைத்தேன். சலவைக் கடையைத் தன்னிடம் விடச் சொன்னாள், நாலு தெருவில் நாலு கிளை திறப்பாளாம். முதலில் ஒரு நாள் நடத்திக் காட்டு என்று சொல்லித் தொலைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நம்ம கடையில சீட்டு, நம்பர் எதுவும் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமா கறைதான் எனக்கு அடையாளம். பாக்கெட்ல மசி இருந்தா கணக்கு வாத்தியார், காலர்ல தலைச்சாயம் இருந்தா பேங்க் மேனேஜர், மூணாவது பட்டன் இல்லேன்னா டாக்டர். இவ என்னவோ புது மருந்தை ஊத்தி அத்தனை கறையையும் எடுத்துட்டா மச்சான், பட்டனையும் தைச்சுட்டா. மறுநாள் காலையில போய்ப் பார்க்கிறேன், நாற்பத்தோரு வெள்ளைச் சட்டை தொங்குது, ஒண்ணுகூட எனக்கு முகம் தெரியலை. அழுகையே வந்துடுச்சு. வாத்தியாருக்கு ஒண்ணைக் கொடுத்தேன், அதுக்குள்ள ரெண்டு வாத்தியார் இருக்கலாம். டாக்டருக்குக் கொடுத்தது தொப்புளோட நின்னுபோச்சு. இவ அசரலையே! கண்ணாடியை நிறுத்தி, வந்தவங்களை வரிசையா போட்டுப் பார்க்கச் சொன்னா. அடிதடி ஆகும்னு பார்த்தா, ஒருத்தர் தோளை ஒருத்தர் இழுத்துச் சரிபார்க்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாச் சட்டையும் வீடு சேர்ந்துடுச்சு. தன் சட்டையை இவ்வளவு வெளுப்பா பார்த்ததே இல்லைன்னு மேனேஜர் என்கிட்டயே சொல்றார். உங்க தங்கச்சி அதைக் கேட்டுச் சிரிக்கிறா.

பழைய ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ இடம் காலியா இருக்குமாம். தாய்மாமன் சொன்னா தட்டமாட்டா, வந்து அழைச்சுக்கிட்டுப் போங்க. கடையை அவ கையில கொடுத்துட்டு நான் எங்கே போய் உட்காருவேன்? உள்ளதைச் சொல்றேன், அதுதான் என் பயம்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் பதினாறும் பெற்று வாழட்டும், ஆனால் வேலையை விடாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்குள்ள அவ வந்து படிச்சுட்டா. என் சட்டையைக் கழட்டச் சொன்னா. காலருக்குள்ள ஒரு துண்டுத் துணி வெச்சுத் தைச்சுக் கொடுத்தா. பார்த்தா, அதுல ஒண்ணாம் நம்பர்.

"வாசல் மேஜை உங்களுதுப்பா. கறையைப் பார்த்து இது யாருதுன்னு நீங்க சொல்லுங்க, நம்பர் தைச்ச அப்புறம்தான் நான் தண்ணியில போடுவேன்"ன்னா.

மச்சான், வெள்ளிக்கிழமை தயவுசெஞ்சு வந்துடாதீங்க. அடுத்த மாசம் கிளை திறக்கிறோம், அதுக்கு வாங்க. வரும்போது உங்க வெள்ளைச் சட்டையெல்லாம் கறையோட கொண்டுவாங்க, ரெண்டாம் நம்பரை உங்களுக்கு எடுத்து வெச்சிருக்கேன்.