ஜாஸ்மிக்கு எதுவும் தெரியக்கூடாது

"சார், புள்ளி வந்திருக்கு!" என்று ஜாஸ்மி அலறினாள்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் திரையில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். வேறு யாராவது என்றால் ஊருக்கே லட்டு கொடுத்திருப்பார்கள். ஜாஸ்மியோ திரையைக் கையால் மறைத்தாள்.

அவள் ஆராய்வது கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக். அதன் மூலக்கூறுகள் இடியாப்பம் மாதிரி தாறுமாறாகக் கிடக்கின்றன, உள்ளே எந்த ஒழுங்கும் இல்லை என்பதுதான் அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி. திரை வெறும் சாம்பலாக இருந்தால் டாக்டர் பட்டம். புள்ளி இருந்தால் உள்ளே ஒழுங்கு இருக்கிறது என்று அர்த்தம், ஆறு வருடமும் தண்டம். ஆய்வேட்டுக்குப் பத்துப் படம் வேண்டும். கருவி இன்று ஒரு மணி வரைதான் அவளுக்கு. அடுத்த முறை நான்கு மாதம் கழித்து.

இதுவரை ஒரு புள்ளிகூட வந்ததில்லை. "இண்ணைக்கும் ஒண்ணும் தெரியல்லம்மா!" என்று கொட்டாரம் ஊரிலுள்ள வீட்டுக்குள் குஷியாக நுழைவாள். அம்மா லீலாபாய் "பாவம் பிள்ள" என்று கூட ஒரு கரண்டி சோறு போடுவாள்.

"ஃபோகஸை மாத்து" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் செல்வதாஸ்.

மாற்றினாள். புள்ளிகள் இரட்டிப்பாயின.

"எலக்ட்ரான் கதிரைக் கொஞ்சம் கூட்டட்டா அக்கா?" என்று கருவியை இயக்கும் சிஜின் கேட்டான்.

கூட்டினான். புள்ளிகள் அணிவகுப்புக்கு நிற்பதுபோல நேராக நின்றன.

"தூசியா இருக்கும். பிளாஸ்டிக்கைப் புதுசா ஒண்ணு சீவி வை" என்றார் செல்வதாஸ்.

மெல்லிசாகச் சீவி வைத்தாள்.

"கிறிஸ்துமஸ் ஸ்டார் கணக்கா இருக்கே சார்!" சிஜின் கைதட்டினான்.

செல்வதாஸ் நாற்காலியில் சரிந்தார். "தலைப்பை மாத்திருவோமாம்மா?"

ஜாஸ்மி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை. அப்போது திரை ஒருமுறை நடுங்கியது. புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. சுத்தமான, அழகான சாம்பல்!

"நான் எதையும் தொடல்ல சார்!" சிஜின் இரண்டு கையையும் தூக்கினான்.

"படத்தை எடு மக்கா, சீக்கிரம்!" என்று செல்வதாஸ் துள்ளி எழுந்தார்.

மூன்று படம் எடுப்பதற்குள் ஜாஸ்மியின் போன் அடித்தது. அம்மா.

"அம்மா! ஒண்ணுமே தெரியல்லம்மா!" சந்தோஷத்தில் துள்ளினாள்.

"அய்யோ மக்கா, அதுக்குள்ள போச்சா? உனக்கு ஏதாவது தெரியணும்னு காலையில இருந்து சபையே உபவாச ஜெபம். பன்னிரண்டரைக்குத்தான் கஞ்சி குடிக்க எழும்புனோம். நீ மெஷினை விட்டு மாறாத, இந்தா எல்லாரையும் மறுபடியும் ஜெபத்துக்கு முட்டுப்போடச் சொல்லுகேன்!"