ஸ்வின்கார்த் வம்சமும் ஆறு பன்றிகளும்

மனித நாகரிகத்தின் மாபெரும் சாதனை எங்கள் குடும்பப் பெயர்தான். ஸ்வின்கார்த்! பொருள், பன்றிப் பட்டி. யார்க்‌ஷயரில் அதே பெயரில் உள்ள கிராமம்தான் எங்கள் 'பூர்வீகம்'. நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்; எல்லோரும் லண்டன் பக்கம். வருடம் ஒருமுறை அங்கே போய், ஊர்ப் பலகையைக் கட்டிப்பிடித்து அழுது, கேக் சாப்பிட்டுத் திரும்புவோம். நான் எங்கள் குடும்பச் சங்கத்தின் செயலாளர்.

இவ்வாண்டு வரலாறு எங்களை அழைத்தது. இலவசமாகக் குடியிருக்க ஊர்மன்றம் தரும் தர்ம வீடு ஒன்று காலி. 'ஊரில் ஆழமான வேர் உள்ளவருக்கே' என்பது விதி. எங்கள் சங்கத் தலைவர் ரூபர்ட் ஸ்வின்கார்த் விண்ணப்பித்தார். அவருக்கு மூன்று வீடுகள் உண்டு, வேருக்குத்தான் இடமில்லை. போட்டிக்கு ஒரே ஆள், ஹில்டா மெட்காஃப். எழுபத்தொரு வயதாகியும் ஊரைத் தாண்டாதவர். அவருடைய வாடகை வீட்டை உரிமையாளர் சுற்றுலா விடுதியாக்கப் போவதால், மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். பாவம், அவர் பெயரில் ஊரே இல்லை.

மன்றம் கூடியது.

"என் பேரே இந்த ஊருதாங்க. இதுக்கு மேல என்ன வேர் வேணும்?" என்றார் எங்கள் தலைவர். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

ஹில்டா தேநீரைக் கீழே வைத்தார். "தம்பி, இங்க இருந்தவன் எவனுக்கும் அந்தப் பேரு கிடையாது. ஊரே ஸ்வின்கார்த்துக்காரங்க, இதுல யாரை அப்படிக் கூப்பிடறது? வெளியூருக்கு ஓடினவனைத்தான் அங்க அப்படிக் கூப்பிடுவாங்க."

"ஆதாரம்?" என்றார் எங்கள் தலைவர்.

"சர்ச்சுல பண்ணையார் கோர்ட்டு ஏடு இருக்கே! ஆயிரத்து முந்நூத்தி இருபத்தேழு. 'தாமஸ் ஆறு பன்றியோட ஓடிட்டான், இப்ப யார்க்ல ஸ்வின்கார்த் தாமஸ்னு திரியறான்.' உங்க ஆதிப் பாட்டன் அவன்தான்."

தலைவர் கண் கலங்கினார். "பாத்தீங்களா! எழுநூறு வருஷமா எழுத்துல இருக்கோம்!"

மன்றத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஹில்டாம்மா, அந்த ஏட்டுல உங்க குடும்பம் இருக்கா?"

"எப்படி இருக்கும்? நாங்க எதையும் திருடலியே!"

"எழுத்துல இல்லாத வேரை மன்றம் ஏத்துக்க முடியாதேம்மா."

வீடு ஒருமனதாக எங்கள் தலைவருக்கே. கோடையில் பத்து நாள் வந்து 'வேரூன்றுவதாக' வாக்களித்திருக்கிறார். ஹில்டா லீட்ஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தெருவில் எல்லோரும் அவரை 'ஸ்வின்கார்த் ஹில்டா' என்கிறார்களாம்.

ஆகவே அவர் முழுத் தகுதி பெற்றுவிட்டார். சங்கத்தில் சேரும்படி உடனே கடிதம் எழுதினேன். மறு தபாலில் பதில் வந்தது:

"ஆறு பன்னியையும் வீட்டையும் திருப்பிக் குடுங்க. சேர்றேன்."