நீடாமங்கலத்தில் பறந்த ரயில்

ரயில் ஓட எவ்வளவு விசை வேண்டும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஜெர்மனியில் என் பிழைப்பு ஓடுகிறது. இந்தத் தொழிலில் நான் போட்ட முதல் கணக்கை மட்டும் ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் இறுதியாண்டு. நாகப்பட்டினம் பாதையில் மின்சார ரயில் விட்டால் எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பது என் ப்ராஜெக்ட். (அப்போது அங்கே ஓடியது டீசல் வண்டி. மின்கம்பியெல்லாம் என் கற்பனையில்தான்.) எங்கள் விக்டர் சார் தாள்களைப் புரட்டினார்.

"எல்லா நம்பரும் புஸ்தகத்துலேர்ந்து எடுத்ததா? ஒண்ணாவது நீ அளந்ததா இருக்கணும்ப்பா. இல்லாட்டி கையெழுத்துப் போட மாட்டேன்."

கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டை இரவல் வாங்கினேன். ரயில் பெட்டியில் அதைத் தொங்கவிட்டால், வண்டி வேகமெடுக்கும்போது குண்டு பின்னால் சாயும். எத்தனை டிகிரி சாய்கிறது என்று பார்த்தால் வண்டியை இழுக்கும் விசையைக் கணக்கிட்டுவிடலாம். டிகிரியைக் குறித்துக்கொள்ள, பள்ளிக்கூட டீச்சரான ஸ்டெல்லா அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

நீடாமங்கலத்தில் ஒரு மீன்காரம்மா காலிக் கூடையோடு ஏறினார். தொங்கும் குண்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"குறி பாக்குறீங்களா தம்பி?"

"இல்லம்மா, இது விசை அளக்குறது."

"என்னமோ ஒண்ணு. எம்மவன் துபாய் போயி மூணு வருசமாச்சு. எப்ப வருவான்னு கேட்டுச் சொல்லுங்க."

நியூட்டனின் விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான், எப்ப வருவான்?" என்றார். வண்டி கிளம்பிவிட்ட பதற்றத்தில், "பொங்கலுக்கு வந்துடுவாரும்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். சிங்கப்பூர், குவைத், மஸ்கட் என்று பெட்டியே எழுந்து வந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் கூடை இடித்துக் குண்டு எகிறியது. அக்கா கடமை தவறாதவள். "நாப்பது டிகிரி" என்று அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டாள். நானும் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். (படித்துப் பார்க்கும் பழக்கம் அப்போது இல்லை.)

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளிக்கல்லூரிப் பேராசிரியர் என் வரைபடத்தில் விரலை வைத்தார்.

"நீடாமங்கலம் தாண்டி என்ன தம்பி ஆச்சு? ஏரோப்ளேன்கூட இப்படிக் கிளம்பாதே! தஞ்சாவூருக்கே கரண்ட்டை நிறுத்துனாத்தான் உங்க வண்டி நகரும் போலிருக்கு."

விக்டர் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார், அது... மீன்கூடை."

முழுக் கதையையும் சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த ஒரு எண்ணை அடித்துவிட்டு, கணக்கை அங்கேயே திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். தேறினேன்.

அந்த அம்மாவின் மகன் பொங்கலுக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா இதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் வினை. எங்கள் குடும்பத்தில் யாருக்கு விசா தாமதமானாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவது சந்தேகம் என்று போனில் இழுத்தேன்.

"ஊரார் புள்ளைக்கெல்லாம் தேதி சொன்னியேடா, உன் தேதி மட்டும் தெரியலையா?" என்றார் அம்மா. பின்னாலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அன்றே டிக்கெட் எடுத்துவிட்டேன்.